ஊக்கு குத்திய கார்

கார் ஓட்டும்போது எங்கேயாவது 'டொக்' என்று சத்தம் கேட்டால் மற்றவர்கள் பிரேக்கை மிதிப்பார்கள். என் கை தாலிச் சங்கிலிக்குப் போகும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பக்தி என்று நினைத்து நெகிழ்ந்துபோவதுண்டு. பக்தியெல்லாம் இல்லை. சங்கிலியில் ஊக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

(ஊக்கு எனக்குக் கும்பகோணத்துச் சீதனம். கல்யாணத்தன்று அம்மா என்னைத் தனியே அழைத்துச் சொன்ன ஒரே அறிவுரை, "சங்கிலியில எப்பவும் நாலு ஊக்கு கெடக்கணும்டி. எப்ப எது அவுறும்னு யாருக்குத் தெரியும்?" என்பதுதான். குடும்ப வாழ்க்கை பற்றி வேறெதுவும் சொல்லவில்லை. ஜெர்மனிக்கு வந்து எர்லாங்கன் நகரில் ஜீன்ஸும் ஸ்வெட்டருமாகத் திரிய ஆரம்பித்த பிறகும் ஊக்குகள் மட்டும் கழுத்தைவிட்டுப் போகவில்லை.)

அந்தக் கோடையில் எங்களுக்கு இரண்டு நல்ல செய்திகள் ஒன்றாக வந்தன. மகள் மகிழ் பிறந்ததிலிருந்து வீட்டிலேயே இருந்த எனக்கு வேலை கிடைத்தது. மகிழுக்குக் கிட்டாவில் இடம் கிடைத்தது. கிட்டா என்றால் இங்கே பள்ளிக்கு முந்தைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். அதில் இடம் பிடிப்பது எவ்வளவு கடினம் என்றால், கர்ப்பம் உறுதியானதும் முதலில் கிட்டாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் கணவரிடம் சொல்ல வேண்டும் என்பார்கள்.

எங்களுக்குக் கிடைத்த கிட்டா ஊரைவிட்டு வெளியே, மக்காச்சோள வயல்களுக்கு நடுவே ஒரு கிராமத்தில் இருந்தது. காலையில் ஒரு பஸ் போகும். அதே பஸ் மத்தியானம் திரும்பும். அதை நம்பினால் நான் மகிழை விட்டுவிட்டு அலுவலகம் போய்ச் சேரும்போது எல்லோரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். செப்டம்பரின் முதல் திங்களன்று பிள்ளையைக் கொண்டுவராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்றும் சொல்லியிருந்தார்கள். இடம் போனால் என் வேலையும் போகும். ஆக, கார் வேண்டும்.

கார் இருந்தது. அதாவது, கார் என்று சொல்லத்தக்க ஒன்று இருந்தது. என் கணவர் செந்திலுடன் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர் ஒருவர் நாட்டைவிட்டுப் போகும்போது, "எடுத்துக்கோங்க, ஓடும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சைக்கிளே போதும் என்று இருந்த நாங்கள் அதை ஒரு வால்நட் மரத்தடியில் விட்டு மறந்துவிட்டோம். இரண்டு குளிர்காலம் போயிற்று. ஜன்னல் ரப்பரில் பாசி பிடித்தது. வைப்பருக்கு அடியில் ஒரு செடி முளைத்தது. மகிழ் அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றி வந்தாள்.

பட்டறையில் பிரேக், டயர், பாட்டரி எல்லாம் சரிசெய்து கொடுத்தார்கள். மிச்சம் ஒன்றே ஒன்று. முன்சக்கரத்துக்கு மேலே குடை மாதிரி வளைந்த பிளாஸ்டிக் உறை ஒன்று உண்டு. அதைப் பிடித்துவைக்கும் கிளிப்புகள் எல்லாம் உடைந்து, உறை தொங்கி டயரில் உரசிக்கொண்டிருந்தது. "இப்படியே போனால் வாகனப் பரிசோதனையில் தேறாது. எங்களிடம் அந்தக் கிளிப் இல்லை. வாங்கி நீங்களே போட்டுக்கொள்ளலாம். மிகச் சுலபம்" என்றார் பட்டறைக்காரர். பரிசோதனை வெள்ளிக்கிழமை. கிட்டா திங்கட்கிழமை.

மிகச் சுலபம் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். செந்திலுக்கு அப்படி எதுவும் வராது. அவர் பிளாஸ்டிக் ஏன் உடைகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர்.

"ஏங்க, இது உடைஞ்சிருக்கு" என்று ஒரு கிளிப்பை நீட்டினேன்.

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடடா! எவ்ளோ அழகான பிரிட்டில் ஃப்ராக்சர், பாத்தியா?"

"அழகா இருக்கட்டும். வேற எங்க கிடைக்கும்?"

"இரு, இரு. நல்லா இருக்கற ஒண்ணையும் பாத்தாத்தான் கம்பேர் பண்ண முடியும்" என்று சொல்லி, உறையைத் தாங்கிக்கொண்டிருந்த கடைசிக் கிளிப்பையும் இழுத்தார். அதுவும் அழகாக உடைந்தது.

அதன் பிறகு அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

'எல்லாக் கார்களுக்கும் எல்லாக் கிளிப்புகளும்' என்று இணையத்தில் ஒரு பெட்டி வாங்கினேன். எல்லாம் இருந்தன, எங்களுடையதைத் தவிர. மகிழ் அவற்றைத் தரையில் பரப்பி அப்பா கிளிப், அம்மா கிளிப், பாப்பா கிளிப் என்று பல குடும்பங்கள் அமைத்தாள். வீட்டுப் பழுதுவேலைச் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனேன். அங்கே ஒருவர் உடைந்த துண்டை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது வீட்டில் எந்தப் பகுதி?" என்றார். கார் கம்பெனியின் உதிரிபாகக் கவுண்டரில் சரியான கிளிப்பைக் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்தார்கள். நான் கண் கலங்கிப்போனேன். வந்துசேர அடுத்த புதன்கிழமை ஆகும் என்றார்கள். வேறு காரணத்துக்காக மறுபடி கலங்கினேன்.

வியாழக்கிழமை காலையில் விளையாட்டுத் திடலில் இதைச் சொல்லிப் புலம்பியபோதுதான் வசந்தி அக்கா தலையிட்டார். அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். நான் பிறப்பதற்கு முன்பே ஜெர்மனிக்கு வந்தவர், பேக்கரியில் வேலை. உலகத்தில் அவருக்குப் பயம் தரும் விஷயம் எதையும் நான் பார்த்ததில்லை.

"உதுக்கே இப்பிடி முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறியள்? பழைய கார் உடைக்கிற இடம் ஒண்டு இருக்கு, உங்கட கிட்டா இருக்கிற ஊருக்குப் போற வழியிலதான். அங்கை நாங்களே கழட்டி எடுக்கலாம்."

"நாமளேவா? எனக்குத் தெரியாதே அக்கா."

"எனக்கும்தான் தெரியாது. அதுக்கென்ன? வாங்கோ."

மகிழைச் செந்திலிடம் விட்டுவிட்டு, அக்காவின் காரில் கிளம்பினேன். கழற்றுவதற்கு ஆயுதம் வேண்டுமே என்று யோசித்துத் தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டேன். ஒட்டிக்கொண்டிருப்பதை உடையாமல் நெம்பி எடுக்க அதைவிட நல்ல சாதனம் எங்கள் வீட்டில் இல்லை.

அங்கே கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. அனுமதி இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். (பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் எடுக்கவே கை தூக்கிக் கேட்டவள் நான்.) அங்கிருந்த பணியாளரிடம் எங்கள் காரின் பெயரைச் சொல்லி, அதே கார் இங்கே இருக்கிறதா, அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா, தொந்தரவு இல்லையே என்று மூன்று விதமாகக் கேட்டேன். அவர் போனில் பேசிக்கொண்டே, "வெள்ளி நிறம். வேலிப் பக்கம்" என்று கையை வீசினார்.

வேலிப் பக்கம் போனோம். நின்றது. அதே கார், அதே வெள்ளி நிறம். எங்கள் காரைவிடக் கேவலமாக இருந்தது. பம்பரில் டேப் ஒட்டியிருந்தது. ஒரு பக்கக் கண்ணாடியே இல்லை. கூரைமேல் பைன் மரத்துக் குப்பை. உள்ளே எட்டிப் பார்த்தால் பின்சீட் முழுக்கக் கழிவறைக் காகிதச் சுருளின் வெறும் அட்டைக் குழல்கள், காலி முட்டை அட்டைகள், ஒரு பை நிறையப் பாட்டில் மூடிகள்.

எனக்கே உரிய சந்தேகம் எனக்கு வரத்தான் செய்தது. "அக்கா, யாராவது ஓட்டிட்டு இருக்கற காரா இருக்குமோ?"

"உதையோ? உதை ஓட்டிக்கொண்டு வந்தவை உயிரோட வந்து சேர்ந்திருக்க ஏலாது. உள்ளுக்குப் பாருங்கோ. காரை எறியேக்கை வீட்டுக் குப்பையையும் சேர்த்து எறிஞ்சிருக்கினம்."

என் பங்குக்கு நானும் ஒரு பரிசோதனை செய்தேன். டேஷ்போர்டில் பிள்ளையார் இல்லை. வேளாங்கண்ணி மாதா இல்லை. முன்னால் எலுமிச்சம்பழமோ மிளகாயோ தொங்கவில்லை. ஸ்டீயரிங்கில் ஒரு பொட்டுச் சந்தனம்கூடக் கிடையாது. கும்பகோணத்தில் உயிருள்ள வண்டி எதுவும் இப்படி இருக்காது. ஆகவே இது செத்த வண்டி என்று முடிவுகட்டினேன். (ஜெர்மனியில் ஓடும் கார்கள் எல்லாமே இப்படித்தான் இருக்கின்றன என்பது, தினமும் அவற்றுக்கு நடுவே நடந்தும், அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.)

மண்ணில் படுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் தலையை நுழைத்தேன். தோசைத் திருப்பி அற்புதமாக வேலை செய்தது. முதல் மூன்றும் உடைந்தன. பிறகு கை பழகி, ஒவ்வொன்றாக முழுசாக வர ஆரம்பித்தன. வாழ்க்கையில் முதல்முறையாக, யாரிடமும் 'இது சரியா?' என்று கேட்காமல் ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன் என்ற பெருமிதத்தில் எனக்குப் பாட்டே வந்துவிட்டது.

அப்போது என் காலருகே இரண்டு மஞ்சள் ரப்பர் பூட்ஸ்கள் வந்து நின்றன.

"ஏதாவது உதவி வேண்டுமா?" என்று ஒரு பெண்குரல் ஜெர்மன் மொழியில் கேட்டது.

"நன்றி, முடிந்துவிட்டது" என்றேன், உள்ளே இருந்தபடியே, உற்சாகமாக. அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்களுக்கும் கிளிப் வேண்டுமா? இடது பக்கம் இன்னும் நிறைய இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள்!"

"வேண்டாம். நான் வேலைக்குத் திரும்பிப் போக வேண்டும்."

"எதில் போகிறீர்கள்?" என்றேன். பேச்சுக் கொடுக்கும் மனநிலையில் இருந்தேன்.

"இந்தக் காரில்."

நான் வெளியே வந்த வேகத்தில் மண்டை பம்பரில் இடித்தது. டேப் கையோடு வந்துவிட்டது. குட்டையாக நரைமுடி வெட்டிய ஒரு பெண் அப்போதுதான் வாங்கிய பக்கக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஒரு கையில் கிளிப்புகளும் ஒரு கையில் தோசைத் திருப்பியுமாக நான் நின்றேன். திரும்பி அக்காவைப் பார்த்தேன். அக்கா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்பவே சொன்னனான்" என்றார், என் காதில் மட்டும் விழும்படி. "யாரும் ஓட்டுற கார் போலக் கிடக்கு எண்டு."

எனக்குத் தெரிந்த ஜெர்மன் அத்தனையும் என்னைவிட்டு ஓடிப்போயிற்று. 'மன்னிக்கவும்' மட்டும் மிஞ்சியது. அதைப் பத்துப் பதினைந்து முறை சொல்லிக்கொண்டே மறுபடி படுத்து, முழுசாக இருந்த கிளிப்புகளைத் திரும்ப மாட்டினேன். உடைந்த மூன்றின் இடம் காலி. உறை தொங்கியது. இவர் இப்படியே ஓட்டிப் போனால் இவருடைய டயரிலும் உரசும்.

அம்மாவின் குரல் கேட்டது. எப்ப எது அவுறும்னு யாருக்குத் தெரியும்?

சங்கிலியிலிருந்து ஊக்குகளைக் கழற்றினேன். இருந்ததிலேயே பெரிய மூன்றை, உறையின் ஓரத்துளையிலும் பம்பரின் ஓரத்துளையிலும் சேர்த்துக் கோத்து, மடிப்பைச் சரிசெய்து குத்தி, இழுத்துப் பார்த்தேன். முந்தானை மாதிரி நின்றது.

"ஆறு கஜம் புடவையை நாள் முழுக்க இதுதான் பிடித்துவைக்கும்" என்று விளக்கினேன். ஏதோ ஒரு உத்தரவாதம் கொடுத்தாக வேண்டும் அல்லவா?

அந்தப் பெண் குனிந்து பார்த்தார். "புடவை மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகும்?" என்று கேட்டார். அப்போதும் முகத்தில் சிரிப்பு இல்லை. என் பதிலுக்குக் காத்திராமல் ஏறி, புதுக் கண்ணாடியைப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு, "நல்ல நாளாக அமையட்டும்" என்று சொல்லிப் போய்விட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை நான்.

பணியாளர் போனை வைத்துவிட்டு வந்து, பெரிய இரும்புப் பெட்டி ஒன்றுக்குப் பின்னால், அதே வேலியோரம், கூரை நசுங்கிக் கிடந்த வெள்ளிக் காரைக் காட்டினார். அதைப் பார்த்தால் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும், அது செத்த கார் என்று. அதிலிருந்து எங்களுக்கு வேண்டியதை ஒன்றுகூட உடையாமல் எடுத்தேன். அதுவரை செய்ததெல்லாம் நல்ல பயிற்சியாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கென்று மூன்று தனியாக எடுத்து ஒரு சிறு பையில் போட்டேன். எங்கே பார்க்கப்போகிறோம் என்று தெரியாது. ஆனாலும் எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பரிசோதகர் உறையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. நான்தான் ஆடிக்கொண்டிருந்தேன். நம்பர் பிளேட்டில் புது ஸ்டிக்கர் ஒட்டியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஏதாவது பிரச்சினையா?" என்றார் அவர். "இல்லை, தேறிவிட்டது" என்றேன். இன்னும் கொஞ்சம் அழுதேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் போலீஸ் வருமா என்று யோசித்தேன்.

"மூணு கிளிப்புக்கு போலீஸ் வருமா நித்யா?" என்றார் செந்தில்.

"ஊக்குல என் கைரேகை இருக்குமேங்க."

திங்கட்கிழமை காலை மூவரும் கிட்டாவுக்குப் போனோம். முன்பு எங்களைச் சந்தித்த தலைவி கோடையில் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்தவர் பெயர் ஹைக்கே என்று மட்டும் தெரியும். முதல் நாட்களில் பெற்றோரில் ஒருவர் பிள்ளையோடு உள்ளே உட்கார்ந்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போக வேண்டும். மகிழ் வழியெல்லாம், "அம்மா போகாதே" என்று என் துப்பட்டாவைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். பிள்ளை பழகாவிட்டால் நான் வேலைக்குப் போக முடியாது. அந்தக் கவலை ஒன்றே போதுமானதாக இருந்தது.

வண்டியை நிறுத்தினோம். பக்கத்தில் ஒரு வெள்ளிக் கார். பம்பரில் புது டேப். சக்கரத்தின் மேலே காலை வெயிலில் மூன்று ஊக்குகள் பளபளத்தன.

"ஏங்க, வண்டியைத் திருப்புங்க."

"ஏன்?"

"நாம இந்தியாவுக்கே போயிடலாம்."

அதற்குள் வாசலில் மஞ்சள் பூட்ஸ் வந்துவிட்டது. அட்டைக் குழல்களும் முட்டை அட்டைகளும் எதற்கு என்று அந்த நொடியில் எனக்கு விளங்கியது. உள்ளே ஜன்னல் முழுக்கக் குழலில் செய்த ஆந்தைகளும் முட்டை அட்டையில் செய்த புழுக்களும் தொங்கிக்கொண்டிருந்தன.

ஹைக்கே என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் சங்கிலியைப் பார்த்தார். "இன்று எத்தனை கொண்டுவந்திருக்கிறீர்கள்?" என்றார்.

நான் பையிலிருந்து அந்த மூன்று கிளிப்புகளை எடுத்து நீட்டினேன். "இவை உங்களுடையவை. அதாவது, உங்களுடையவை இல்லை. உங்கள் காரைப் போன்ற, ஆனால் உங்கள் கார் இல்லாத, உண்மையிலேயே செத்துப்போன ஒரு காருடையவை."

அப்போதுதான் அவர் சிரித்தார். வியாழக்கிழமையிலிருந்து அடக்கிவைத்திருந்த சிரிப்பு போலிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான்கு நாளாக எல்லோரிடமும் சொல்கிறேன், யாரும் நம்பவில்லை. இப்போதே மாட்டிவிடுங்கள். நானும் பார்க்க வேண்டும்."

"மகிழ் அழுவாள்."

"பார்ப்போம்."

எங்கள் காரில் கிளிப் மாட்டியதிலிருந்து தோசைத் திருப்பி அங்கேயே கிடந்தது. புதுக் குர்தாவோடு தரையில் படுத்தேன். தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லோரும் ஓடிவந்து வேலியில் தொற்றிக்கொண்டார்கள். நடுவில், என் துப்பட்டாவை எப்போதோ விட்டுவிட்ட மகிழ். பழைய ஊக்கைக் கழற்றி கிளிப்பை அழுத்தும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். ஒவ்வொரு 'டொக்'குக்கும் வேலியில் ஒரே ஆரவாரம்.

"அது என்ன?" என்று ஒரு சிறுமி ஜெர்மனில் கேட்டது காதில் விழுந்தது.

மகிழுக்கு அந்த மொழியில் நான்கைந்து சொற்கள்தான் தெரியும். ஆனால் கேள்வி புரிந்துவிட்டது. "தோசைத் திருப்பி!" என்றாள், உலகத்துக்கே அறிவிப்பது போல.

"தோஸ திருப்பி!" என்றது வேலி முழுவதும்.

"இல்ல, இல்ல. தோசை. தோ-சை" என்று மகிழ் அவர்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள்.

இரண்டு கிளிப்புகளை மாட்டி முடித்து மூன்றாவதற்குப் போனபோது ஹைக்கே குனிந்தார். "இந்த ஊக்கு இருக்கட்டும். நன்றாகப் பிடித்திருக்கிறது" என்றார்.

நான் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, வேலியைப் பார்த்தேன். யாரும் இல்லை. எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். மகிழும்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஓர் அட்டைக் குழலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். என்னைத் தேடவேயில்லை. முதல் நாள் கிட்டாவில் அழுதவள் நான் மட்டும்தான். செந்தில் கைக்குட்டை கொடுத்தார். அதில் கிரீஸ் இருந்தது.

இரண்டு வாரத்தில் நான் வேலையில் சேர்ந்தேன். கார் இன்னும் ஓடுகிறது. வைப்பர் செடியை மகிழின் வற்புறுத்தலால் தொட்டிக்கு மாற்றினோம், அதுவும் உயிரோடு இருக்கிறது. எங்கே வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினாலும், நான் கதவில் கைவைக்கும்போது செந்தில், "நம்ம கார்தானே? நல்லா பாத்துக்கோப்பா" என்பார். வசந்தி அக்கா கோடையில், இங்குள்ள ஈழத்தமிழர்கள் கூடும் ஊன்ட்றொப் கோயில் திருவிழாவில் என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் இந்தக் கதையோடுதான் அறிமுகப்படுத்துவார். போன வருஷம் கேட்டபோது, நான் கிளிப் கழற்றும்போது அந்தக் கார் ஓடிக்கொண்டிருந்ததாக ஆகிவிட்டிருந்தது. "ஓம், நான் கத்தினனான், நிப்பாட்டுங்கோ எண்டு" என்று சத்தியம் செய்தார்.

சென்ற மாதம் கிட்டாவில் 'என் குடும்பம்' என்று பிள்ளைகள் வரைந்த படங்களைத் தாழ்வாரத்தில் ஒட்டியிருந்தார்கள். பிள்ளை சொல்லச் சொல்ல, ஆசிரியை படத்துக்குக் கீழே எழுதியிருந்தார். மகிழின் படத்தில் நான் இருந்தேன். ஒரு கையில் தோசைத் திருப்பி, கழுத்தில் என் தலையைவிடப் பெரிய ஊக்கு. கீழே, 'அப்பாவின் வேலை பிளாஸ்டிக்கை உடைப்பது. அம்மாவின் வேலை ஹைக்கேயின் காரைக் கழற்றுவது.'

நான் மென்பொருள் எழுதுகிறவள், திருத்தச் சொல்லலாமா, சொன்னால் தவறாக நினைப்பார்களா என்று வழக்கம்போல அங்கேயே நின்று யோசித்தேன். அப்போது உள்ளே இருந்து ஹைக்கே தலையை நீட்டினார்.

"நித்யா, நல்லவேளை வந்தீர்கள். இடது பக்கம் ஏதோ தொங்குகிறது."

என் கை தானாகச் சங்கிலிக்குப் போயிற்று.